கூட்டினால் எட்டு

எண்பத்து நான்கில், வெளிநாடு போகப் புறப்பட்ட ஒரு டொக்டர் காங்கேசன்துறையில் தன் இரண்டு சொகுசு ஜீப்புகளையும் விற்பனைக்கு வைத்திருந்தார். இரண்டும் பெற்றோல் வண்டிகள். புதியது தோல் இருக்கையும் ஏசியுமாக மினுங்கியது. அப்பாவோ பழையதன் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, உது எதை ஊத்தினாலும் ஓடும். உதையே எடுப்பம்," என்றார்.

படித்த மடையன் நான், அதன் இலக்கத் தகட்டைக் கூட்டிப் பார்த்தேன். எட்டு வந்தது. "உது சனியன்ரை நம்பர், எங்களுக்குக் கூடாது அப்பா," என்று ஒற்றைக்காலில் நின்று மினுங்கியதை வாங்கினேன். பழையதைப் பக்கத்து வீட்டு மாஸ்டர் வாங்கிக்கொண்டார்.

தொண்ணூறில் போர் மூண்டு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை வந்த பிறகு, ஊரில் மிஞ்சிய ஒன்றிரண்டு வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மாஸ்டரின் ஜீப்பும் ஓடியது. எங்களுடையது மண்ணெண்ணெயை ஏற்காமல் மாமரத்தடியில் கிடந்தது.

அப்பாவுக்கு நெஞ்சு நொந்த அன்று மாஸ்டர் ஜீப்போடு பருத்தித்துறைக்குப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை அப்பாவை எங்கள் ஜீப்பிலேயே சாய்த்துவைத்தோம். என் முகத்தைப் பார்த்த அப்பா, "சீற் நல்ல மெத்தெண்டு இருக்கு, தம்பி," என்றார்.

அந்த எட்டாம் நம்பர் ஜீப் வாசல் படலையடியில் வந்து நின்றபோது, ஏற்றிப்போக அப்பா இல்லை.