மெஸ் அக்காவோடு ஒரு நடை

சேலத்து ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர், புதுச்சத்திரத்தில் மெஸ் நடத்தும் அக்கா. கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்புகள். இருவருக்குமே எடை குறைக்க இரைப்பை ஆபரேஷன். அவருக்கு முதலில், எனக்கு மறுநாள். அதற்குத் தயாராக முந்தைய இரண்டு வாரமும் வெறும் மோரும் கஞ்சித் தண்ணீரும் குடித்தபடியே, லாரிக்காரர்களுக்குக் கறிக்குழம்பு வைத்தவர்.

"ருசி பார்க்கத் தோணலையாக்கா?"

"எங்கூட்டுக்காரரு பாத்தாருங்க. இப்ப அவருதான் பெருத்துப்போனாரு," என்று சிரித்தார்.

ஆபரேஷன் முடிந்த மாலையே சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். மறுநாள் என் ஆபரேஷன் முடிந்து, வலிக்குப் பயந்து நான் எழ மறுத்தபோது அவரே வந்து கை நீட்டினார்.

"எந்திரி சாமி, நானும் கூட வாரேன்."

ஒரு கையால் தன் வயிற்றைத் தாங்கியபடி என்னை நடத்தினார். எதிரே வந்த நர்ஸிடம், "பாருங்க, எங்கூட்டுப் புள்ள என்னமா நடக்குது!" என்றார்.

என்னைப் பற்றி அத்தனை பெருமையாக யாரும் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.