கற்பூரப் பூனை

என்னைப் போல ஒரு மடையன் கிடையாது என்று சொன்னால் அதிலும் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொள்கிறது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பூனைக்காகக் கோவிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் நான். நிலத்துக்காகச் செய்தவர்கள் உண்டு, காணாமல் போன நகைக்காகச் செய்தவர்கள் உண்டு. பூனைக்காக, அதுவும் அடுத்தவர் பூனைக்காக, மாரியம்மன் முன்னால் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டவன் இந்தத் தீவில் நான் ஒருவன்தான். அப்படி ஒன்றும் பெரிதாகச் சுடவில்லை. ஒரு கொப்புளம்கூட வரவில்லை. வந்திருந்தால் காட்டிக்கொள்ளவாவது உதவியிருக்கும்.

அப்போது நானும் என் மனைவியும் ரோஸ் பெல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் குடியிருந்தோம். தோட்டத்துக் குடியிருப்பை நாங்கள் கான் என்போம். வரிசையாக ஓலைக் கூரை வீடுகள். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் பத்து வீட்டில் பசிக்கும். தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்து, போலீஸ் வந்துபோய், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு மறுபடி கத்தியைத் தீட்டிக் கரும்பு வெட்டப் போய்விட்ட காலம். என் வாய் மட்டும் சரியாக மூடவில்லை. வேலை நின்றிருந்த நாட்களில், எங்கள் வேலைக் கும்பலை மேய்க்கும் சர்தார் முதலாளி முன்னால் எப்படி நடப்பார், எங்கள் முன்னால் எப்படி நடப்பார் என்று நான் நடந்து காட்டியிருந்தேன். முதல் நடைக்கு முதுகு வளையும். இரண்டாவதற்கு வயிறு முன்னால் போகும், சர்தார் பின்னால் வருவார். கான் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்தவர்களில் யாரோ ஒருவர் அவரிடம் போய், நான் நடந்து காட்டியதை அப்படியே நடந்து காட்டியிருக்கிறார். என்னைவிட நன்றாக நடித்திருப்பார் போல. சர்தார் அதை மறக்கவே இல்லை.

பூனை ஒரு மழைக்காலை வந்தது. மஞ்சள் வரி போட்ட ஆண் பூனை, ஒரு காது கிழிந்திருந்தது. கழுத்தில் நீலத் துணி ஒன்று, வெள்ளைப் புள்ளி போட்டது, யாரோ அக்கறையாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். வாலைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்பைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. தோட்டத்து மேனேஜர் வருஷத்துக்கு ஒருமுறை கானைச் சுற்றிப் பார்க்கும்போது முகத்தில் இருக்கும் அதே சலிப்பு. நான் எழுந்து நின்று சலாம் போட்டேன். சோறு போடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும் என்றாள் மனைவி. இரண்டு நாள் கழித்துத் திரும்பிப் பார்த்தால், தன் பங்குக் கருவாட்டில் முள் எடுத்து அவளே அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னோடு பேசியதைவிட அதனோடு அதிகம் பேசினாள். அதில் நான் குறை சொல்ல முடியாது. அது நடுவில் ஜோக் சொல்லவில்லை.

(பேசியது என்றால் தீவின் பொதுப் பேச்சான கிரியோலில்தான். எங்கள் சண்டையும் கிரியோல், சமாதானமும் கிரியோல். தமிழ் சாமிக்கும், மாமா அண்ணன் என்று கூப்பிடுவதற்கும் மட்டும். இங்கே எல்லோரையும் தமிழ் பேச வைத்திருக்கிறேன். அவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.)

பிறகு ஒரு நாள் சர்தாரின் கோழி ஒன்று காணாமல் போனது. கரும்புக் காட்டில் கீரிகள் திரிந்தன. கானில் எந்தக் கோழி போனாலும் கீரிதான் என்று குழந்தைக்கும் தெரியும், சர்தாருக்கும் தெரியும். ஆனால் அவர் கையில் நாலு இறகோடு என் வாசலுக்கு வந்தார்.

“உன் பூனை என் கோழியத் தின்னுருக்கு.”

“என் பூனை இல்லண்ணே. விருந்தாளி.”

“அப்படியா? வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வா. உன்னுது இல்லன்னு கற்பூரத்த அணைச்சுச் சொல்லு. விட்டுடறேன்.”

எனக்குச் சந்தோஷம். இவ்வளவு சுலபமாகத் தப்பிக்கலாம் என்றால் யார் வேண்டாம் என்பான்? மனைவி மட்டும் சத்தியம் வேண்டாம் என்றாள். எங்களிடம் இரண்டு கோழிகள் இருந்தன. ஒன்றைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்று அன்று ராத்திரி முழுக்கக் கெஞ்சினாள். கீரி தின்ற கோழிக்கு நான் ஏன் கோழி கொடுக்க வேண்டும் என்று நியாயம் பேசினேன். நியாயம் என் பக்கம் இருந்தது, அதனால் புத்தி இருக்க இடம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கும்பல் முழுக்கக் கோவிலில் இருந்தது. சர்தார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பூனையின் அடையாளம் சொன்னார்: மஞ்சள் வரி, கிழிந்த காது, கழுத்தில் நீலத் துணி. பூசாரி வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி என் முன்னால் நீட்டினார். அவர் சொல்லிக்கொடுத்த தமிழை வார்த்தை வார்த்தையாகத் திருப்பிச் சொன்னேன். அது எனக்குச் சொந்தமில்லை, என் வீட்டுக்குச் சொந்தமில்லை, பொய் சொன்னால் என் கண் போகட்டும். பிறகு சுவரில் கொசுவை அடிப்பது போல ஒரே அடி. நெருப்பு அணைந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு அது போதும். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கும்பிடு வேறு போட்டேன்.

சர்தாரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“நல்லது. அப்ப அது யாரு பூனையும் இல்ல. யாருக்கும் இல்லாத மிருகம் கான்ல இருக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை காவல்காரர் எடுத்துக்குவார்.”

எடுத்துக்கொள்வது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சாக்கு, ஒரு கல், ஆலைக்குளம். தெருநாய்கள் அப்படித்தான் போயின. என் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள். கோவிலில் அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பூனையைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

“புருஷன் அணைச்ச கற்பூரம் பொண்டாட்டிக்கும் சேர்த்துத்தான் தங்கச்சி. நிஜச் சொந்தக்காரன் இருந்தா வந்து கொண்டுபோகட்டும். என் கோழிக்கும் பதில் சொல்லிட்டு.”

வீட்டுக்கு வரும் வழியில் நான் ஏதோ தமாஷாகச் சொன்னேன். அவள் நடையை எட்டிப் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். நாளைக்குள் அதன் சொந்தக்காரரைக் கண்டுபிடித்து அவர் கையில் கொடுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சாக்கின் வாயை நீங்களே கட்டுங்கள்.

வேறு யாரிடமாவது தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மூளைக்கு எப்போதும் குறுக்கு வழிதான் முதலில் தெரியும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பூனையைத் தாழை ஓலைக் கூடையில் போட்டு, மேலே ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, கானுக்கு வெளியே கிளம்பினேன். முதல் வீட்டில் ஒரு அம்மாள், எலி தொல்லை தாங்கவில்லை என்று கையை நீட்டினாள். துணியை விலக்கிக் காட்டினேன். நீட்டிய கையைச் சுட்டது போல இழுத்துக்கொண்டாள்.

“இது அந்தக் கற்பூரப் பூனையாச்சே. ஆத்தா முன்னால வேணாம்னு அணைச்சத நான் எடுத்து வீட்டுல வைக்கவா? போ போ.”

செய்தி எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டில் கதவையே திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, உன் கண் இன்னும் போகவில்லையா என்று ஒரு குரல் விசாரித்தது. மாட்டு வண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, பூனையைக் கூடையில் வைத்து ஊர்வலமா, மேளம் எங்கே என்று கேட்டான். சாமி தள்ளியதை யாரும் எடுக்க மாட்டார்கள். சாமி ஒன்றும் சொல்லவில்லை, தள்ளியது நான்தான் என்று விளக்கினேன். அதைக் கேட்டு அவர்களுக்கு என்மேல் இருந்த மரியாதையும் போனது. ஆக, மிச்சம் இருந்தது ஒரே வழி, உண்மையான சொந்தக்காரர். அவர் எடுத்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அது அவர் பூனை, நான் அணைத்தது என் பங்கு மட்டும்.

என் கையில் இருந்த ஒரே தடயம் நீலத் துணி. ஸ்டேஷன் பக்கம் சீனக் கடையில் காட்டினேன். கடைக்காரர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலுக்குக் கூட்டிவந்து தெருவைக் காட்டினார். தெருவில் போன பெண்களில் பாதிப்பேர் அந்தத் துணியில்தான் பாவாடை தைத்திருந்தார்கள். அந்த வருஷம் கப்பலில் வந்தது அது ஒன்றுதானாம். பிறகு நான் செய்ததை அறிவுள்ளவன் யாரும் செய்ய மாட்டான். புள்ளியின் அளவு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காக, போகிற வருகிற பெண்களின் பாவாடையைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒருத்தி கையிலிருந்த குடையால் முதுகில் போட்டாள். அவள் அண்ணன் வந்து மிச்சத்தைப் போட்டான். கூடை கீழே விழுந்தது. பூனை உள்ளிருந்து ஒரு சத்தம்கூடப் போடவில்லை. எங்கள் இரண்டு பேரில் மானமுள்ளது அதுதான் என்று அப்போது தெரிந்தது.

வெயில் சாயும்போது, வீங்கிய உதட்டோடு, ஊர்க் கடைசியில் ஒரு தகர வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் நீலத் திரை. வெள்ளைப் புள்ளி. திரையின் ஓரத்தில் கைவிரல் அகலத்துக்கு ஒரு நீளத் துண்டு கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தது. கூடைக்குள் பூனை எழுந்து நின்று கத்த ஆரம்பித்தது. கூடையில் போட்டதிலிருந்து கத்தாத பூனை.

முற்றத்தில் ஒரு பெரியவர் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதி. கூடைத் துணியை அவிழ்த்தேன். பூனை குதித்து, அவர் காலில் இரண்டு தரம் உரசிவிட்டு, யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் போனது. உள்ளே ஒரு பெண் குரல் “வந்துட்டியா” என்றது. பிறகு யாரோ அதட்ட, அந்தக் குரல் நின்றுபோனது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடவே ஒரு பேச்சும் தயாராகிக்கொண்டிருந்தது. கான் முழுக்க நடந்து சொல்லிக்காட்ட வேண்டிய பேச்சு, குடை அடியைக் கழித்து. அப்போது அதட்டியவன் வாசலுக்கு வந்தான். பூனையைக் கழுத்துத் தோலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். பார்த்தால் எங்கள் கும்பல்காரன். பெரியவரின் மகன். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதற்காகச் சர்தார் அவனை வெளியே தள்ளி, பல மாதம் காலில் விழவைத்து, அப்போதுதான் திரும்பச் சேர்த்திருந்தார். நேற்றுக் கோவிலில் எனக்குப் பின்னால் நின்றிருந்தான். சர்தார் நீலத் துணி என்று அடையாளம் சொன்னபோது அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பூனை அவர்களுடையது என்றால் கோழியைத் தின்ற பழியும் அவர்களுடையது. பழி அவர்களுடையது என்றால் திங்கட்கிழமை அவனுக்கு வேலை இல்லை.

அவன் பூனையைக் கூடையில் போட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் இருக்காது. காவல்காரர் காலையிலேயே வந்தார். தோட்டத்துச் சாக்கை இதற்கு எடுக்க அனுமதி இல்லை என்று எங்களிடமே ஒரு அரிசிச் சாக்குக் கேட்டார். நல்ல மனிதர், சங்கடத்தோடுதான் கேட்டார். என் மனைவி சாக்கை உதறி, மடித்துக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கயிற்றை நான்தான் கட்டினேன். முதல் முடிச்சு நழுவிவிட்டதால் இரண்டு தரம் போட வேண்டியிருந்தது. மத்தியானம் காவல்காரர் சாக்கைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார், ஈரமாக. அதை வெயிலில் காயப் போட்டோம். என்ன செய்வது, வீட்டில் வேறு சாக்கு இல்லை. அதற்குப் பிறகும் சர்தாரின் கோழிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம், அந்த முற்றத்தில், எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. ஜன்னல் திரையைக் காட்டினேன். கத்தரித்த இடத்தில் கழுத்துத் துணியை வைத்துக் காட்டினேன். அச்சாகப் பொருந்தியது. பெரியவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மண்வெட்டிப் பிடியை உளியால் சீவ ஆரம்பித்தார். அது எங்களுடையது இல்லை என்றார், மெதுவாக, கோபமில்லாமல். நாளைக் காலையில் இதைக் குளத்தில் போடுவார்கள் என்று சொன்னேன். தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினார். திரைக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் கால் மட்டும் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய ஆயுதத்தை எடுத்தேன். நெற்றியில் விபூதி பூசியவர் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

“உங்களுது இல்லன்னா, ஆத்தா பேரச் சொல்லிக் கற்பூரத்த அணைப்பீங்களா மாமா?”

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

“ஏத்து தம்பி, அணைக்கிறேன்.”