கணக்கில் சேராத போஞ்சி

"வீட்டுச் சமையலுக்காக விளைவிப்பதும் நாட்டின் உற்பத்திக் கணக்கில் சேரும்." இது செவ்வாய்க்கிழமை நான் எழுதிய குறிப்பு. இன்று வியாழன். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்தின் பின்புறம் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். கைவிடப்பட்ட தேயிலைச் சரிவில் போஞ்சி, அதாவது பீன்ஸ், காய்த்துத் தொங்குகிறது. ஓர் அம்மா தனியாகப் பறித்துக்கொண்டிருக்கிறார். விவசாயக் கணக்கெடுப்புக்கு வந்தவரிடம் இந்தப் போஞ்சியைச் சொன்னீர்களா என்று கேட்கிறேன்.

"ஒண்ணும் போடலன்னு சொல்லிட்டேங்க. நெலம் தோட்டத்தோடது. தொரை காதுக்குப் போனா புடுங்கிக்குவாங்க. புள்ளைங்க எல்லாம் கொழும்புல. இந்தக் கொடியும் போச்சுன்னா, நான் செவத்தோடயா பேசுறது?" என்று சிரிக்கிறார். "நீங்களும் எழுதிப்புடாதீங்க ஐயா."

தோட்டத்தின் பெயரையும் அவர் பெயரையும் விட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். லயத்தின் மற்ற வீட்டாரும் கணக்கெடுத்தவரிடம் இதையேதான் சொன்னார்களா என்பதை நான் சரிபார்க்கவில்லை.