படிக்காமல் போட்ட கையெழுத்து

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் ஓர் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு கல்வி மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். புதிய கல்வியாண்டுக்கான அறிவுரைகள் என்று தலைப்பிட்டு, காலை வழிபாடு எத்தனை நிமிடம், எந்தக் கிழமை என்ன சீருடை, நூலக நேரம் யாருக்கு எப்போது என்று பத்தி பத்தியாகப் போகும். எங்கள் தலைமை ஆசிரியை அதை ஒரு நீள நோட்டில் ஒட்டி, பியூனிடம் கொடுத்து அனுப்புவார்.

பியூன் அண்ணன் பாடம் நடக்கும்போதுதான் வருவார். வாசலில் நின்று நோட்டைப் பிரித்து, நம் பெயருக்கு நேரே கட்டைவிரலை வைத்து நீட்டுவார். நாமும் சாக்பீஸை இடது கைக்கு மாற்றிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடருவோம். 'படித்து அறிந்துகொண்டேன்' என்ற வரிக்குக் கீழேதான் அந்தக் கையெழுத்து. ஒருத்தியும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. தப்பித் தவறி ஒரு வரி படிக்க ஆரம்பித்தால், "இன்னா டீச்சர், இன்னும் பத்து ரூமு கீது" என்பார் அண்ணன்.

அந்த வருடச் சுற்றறிக்கையின் ஆறாவது பத்தியில், பொதுத்தேர்வின் வரலாற்றுப் பகுதியில் இனி இந்திய வரைபடம் கிடையாது, உலக வரைபடம் தரப்படும் என்று இருந்தது. ஜூனில் கையெழுத்துப் போட்ட எனக்கு அது ஜனவரியில்தான் தெரிந்தது.

வரைபடத்துக்குப் பத்து மதிப்பெண். நன்றாகப் படிக்கிற பெண்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. கடைசி பெஞ்சுக்காரிகளுக்கு அதுதான் உயிர். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருகிற ஒருத்தி இருந்தாள். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அவளுக்கு வருடங்களும் மன்னர்களும் மண்டையில் நிற்கவே மாட்டார்கள். ஆனால் இந்திய வரைபடத்தைக் கையில் கொடுத்தால் பானிப்பட்டு, பிளாசி எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பாள். அந்தப் பத்தை வைத்துத்தான் ஒவ்வொரு தேர்விலும் முப்பத்தைந்தைத் தட்டுத் தடுமாறித் தொட்டுக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. மாவட்டம் முழுவதற்கும் ஒரே வினாத்தாள். கட்டைப் பிரித்தால் உள்ளே உலக வரைபடம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அச்சகத்துக்காரன் தூங்கிவிட்டான் என்று ஆசிரியர் அறையில் அனைவர் முன்னும் முழங்கினேன். வரைபடங்களைத் திரும்ப வாங்கச் சொல்லி, எல்லாருக்கும் பத்து மதிப்பெண்ணைத் தூக்கிக் கொடுத்தேன். புகார்க் கடிதம் எழுதப் போகிறேன் என்றுகூடக் குதித்தேன். நல்லவேளை, எழுதவில்லை. சோம்பேறித்தனமும் சில சமயம் மானத்தைக் காப்பாற்றும்.

ஜனவரியில் பூந்தமல்லியில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம். டீ இடைவேளையில், ஆவடியிலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியை என் பக்கம் திரும்பினார்.

"உங்க பசங்க உலக மேப்பை எப்படிச் சமாளிக்கிறாங்க? எங்க பிள்ளைங்க ஜெனிவாவைக் கொண்டுபோய்க் கடல்ல போடுதுங்க."

"எந்த உலக மேப்பு?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பொறுமையாக, ஆறாவது பத்தி முழுவதையும் ஒப்பித்தார். அந்த அம்மாள் படித்திருக்கிறார். அரையாண்டுத் தேர்வில் என்னால் தூக்கிக் கொடுக்க முடிந்த பத்தைப் பொதுத்தேர்வில் எவன் தூக்கிக் கொடுப்பான்? அம்பத்தூர் வரும் வரை பஸ்ஸில் அந்தப் பட்டாபிராம் பெண்ணின் முகம்தான் கண்முன் நின்றது.

மறுநாள் காலை நேராகத் தலைமை ஆசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மெமோ நிச்சயம் என்றுதான் நினைத்தேன். அவர் பீரோவைத் திறந்து அந்த நீள நோட்டை எடுத்தார். ஆறாவது பத்தியைப் படித்தார். கீழே இருந்த கையெழுத்துகளைப் பார்த்தார். முதல் கையெழுத்து பச்சை மையில் இருந்தது. பச்சை மை எங்கள் பள்ளியில் ஒருவருக்குத்தான் உண்டு.

"நானும் படிக்கலை டீச்சர்" என்றார் மெதுவாக. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு மாசம் இருக்கு. பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. மூடி மறைக்க வேணாம்."

பாதி பாரம் அங்கேயே இறங்கியது. மீதிப் பாதி வகுப்பறையில் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் படித்துவிட்டுத்தான் எதிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கு உபதேசம் செய்தவள் நான். அவர்கள் முன் நின்று, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து பட்டாபிராம்காரிதான் எழுந்தாள்.

"அப்ப இந்தியாவே வராதா மிஸ்?"

"வராது."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணும் வராது."

சரி என்று உட்கார்ந்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று காத்திருந்தேன். நாற்பத்தெட்டுப் பெண்கள், நாற்பத்தெட்டு வீடுகள். ஒருவரும் வரவில்லை. பத்து நாள் கழித்து அவளுடைய அம்மா வந்தாள். கூடையை வராந்தாவில் வைத்துவிட்டு என்னிடம் வந்தபோது, எதையும் கேட்டுக்கொள்வது என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"டீச்சர், இந்த வாட்டி பெயிலாச்சுன்னா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் துணி தைக்க அனுப்பிடறேன்னு அவங்கப்பா சொல்லிக்கினு கீறாரு. பாஸ் பண்ணா மேல படிக்கட்டும்னாரு. உங்களத்தான் நம்பிகீறேன்."

அவ்வளவுதான் பேசினாள். விஷயம் தெரிந்தும் என்னை நேராகக் குற்றம் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நானும் வாயைத் திறக்கவில்லை. கோழை மாதிரி தலையை மட்டும் ஆட்டினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, உலக வரைபடம் எனக்கே சரியாக வராது. ராத்திரி கற்றுக்கொண்டதைக் காலையில் கற்றுக்கொடுத்தேன். தாளில் போட்டுப் பார்த்தும் அவர்களுக்குப் பிடிபடாததால், ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புப் பொடியை எடுத்து, வழிபாட்டு மைதானத்தில் உலகத்தையே வரைந்துவிட்டேன். விளையாட்டு ஆசிரியை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஒவ்வொருத்தியையும் ஓர் ஊராக நிற்கவைத்தேன். ஒருத்தி ஜெனிவா, ஒருத்தி ஹிரோஷிமா, கொடிக்கம்பத்தடியில் ஒருத்தி பெர்லின். மூலையில் தண்ணீர்க் குழாய் இருந்த இடம் பேர்ல் துறைமுகம். அங்கேதான் பட்டாபிராம்காரி நின்றாள். தாகம் எடுத்தவர்கள் எல்லாரும் அவளிடம் போய் வந்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். "ஏய் பெர்லினு, ரயிலு வந்துகினு கீதுடி, ஓடியா" என்று சாயங்காலம் தெருவில் கத்திக்கொண்டு ஓடுவார்கள். தினமும் அழித்து, தினமும் வரைந்து, கடைசி வாரத்தில் அந்தப் பெண்களே சுண்ணாம்பை வாங்கி வரைய ஆரம்பித்தார்கள்.

தேர்வன்று எனக்கு ஆவடியில் ஒரு பள்ளியில் மேற்பார்வை. வினாத்தாள் கட்டைப் பிரித்தார்கள். உலக வரைபடம். ஒரு மாணவனுக்குத் தாளைக் கொடுத்துவிட்டு நகராமல் அங்கேயே நின்று கேள்வியைப் படித்தேன். ஜெனிவா, ஹிரோஷிமா, பேர்ல் துறைமுகம். "மிஸ், தள்ளுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றான் அவன். தள்ளி நின்றேன்.

முடிவு வந்த அன்று செய்தித்தாளில் அவளுடைய எண் இருந்தது. இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை என் வீட்டுக்காரரைப் பார்க்கச் சொன்னேன். அப்புறம்தான் காபி தொண்டையில் இறங்கியது.

மதிப்பெண் சான்றிதழ் கொடுத்த நாளில் அம்மாவும் பெண்ணும் சேர்ந்தே வந்தார்கள். வாங்கிப் பார்த்தேன். சமூக அறிவியலில் நாற்பத்தொன்று. பத்தைக் கழித்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. முப்பத்தொன்று. அப்பாடா என்று பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மைதானத்துல கோலம் மாதிரி போட்டுச் சொல்லிக் குடுத்தீங்களாமே. எந்த டீச்சர் இவ்ளோ செய்வாங்க? நீங்க இல்லன்னா இது தேறி இருக்காது."

அப்போதுதான் புரிந்தது, என் தப்பு அந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. நாற்பத்தெட்டு பேரில் இந்தப் பெண்ணாவது வீட்டில் வாயைத் திறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். இனியும் அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"மிஸ்" என்று இடையில் புகுந்தாள் பெண். என்னை நேராகப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். "பிளஸ் ஒன் அப்ளிகேஷன் எங்க மிஸ் குடுக்கிறாங்க?"

நான் அலுவலக அறையைக் காட்டினேன். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.