பாதியில் நின்ற பேச்சு

அந்தத் தெருவில் அவளுக்கு ரேடியோக்கா என்று பெயர். பெயர் வைத்தவர்கள் மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். திரைச்சீலை தைத்து, வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுப்பது தொழில். கணவர் சுவரில் துளை போட்டுக் கம்பியைப் பொருத்துவார். அவள் ஏணியில் ஏறி மடிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துவிடுவாள். கை ஒரு பக்கம் வேலை செய்யும், வாய் இன்னொரு பக்கம். ஒரு வீட்டில் திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கிய பூனை, இன்னொரு வீட்டில் சோபாவின் நிறத்துக்காக மூன்று நாள் பேசாமல் இருந்த தம்பதி, எதுவும் விட்டுப்போகாது. வேலை முடிந்த பிறகும் அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துக் கதை கேட்ட வீடுகள் உண்டு.

கணவர் வாய் திறந்து பார்த்தவர்கள் குறைவு. துளை போடும் இரைச்சலுக்காகக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்த பிறகும் அதை எடுப்பதில்லை என்பது அவளுடைய சந்தேகம்.

"இவரோட குடித்தனம் பண்றதும் சுவரோட குடித்தனம் பண்றதும் ஒண்ணுதான். சுவர்லயாவது ஒரு துளை போடலாம்" என்று அவர் எதிரிலேயே சொல்வாள். அவர் சிரித்துக்கொண்டே கீழே விழுந்த திருகாணிகளைப் பொறுக்குவார்.

ஐம்பதை நெருங்கும்போது வலி வந்தது. ஏணியில் நின்று கையைத் தூக்கினால் நெஞ்சின் நடுவில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். துணி மூட்டையோடு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இறங்கி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் அந்த வலியைப் பற்றியே அரை மணி நேரம் பேசுவாள். அப்படிப் பேசுகிறவளுக்கு வலி என்றால் யார் நம்புவார்கள்?

பக்கத்து வீட்டில் நாத்தனார். அவளைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே வியாதிதான், வாயு. "நீங்க பேசுறப்ப காத்தையும் சேர்த்து முழுங்கிடுறீங்க அண்ணி. அதான் நெஞ்சுல போய் நிக்குது" என்று சொல்லி இஞ்சிச் சாறு கொண்டுவருவாள். பாசக்காரிதான். ஆனால் அந்தச் சாற்றைக் குடித்தால் நல்ல நெஞ்சும் எரியும்.

கடைசியில் தெருமுனை மருத்துவரிடம் போனாள். அங்கேதான் அவள் ஒரு தப்பு செய்தாள், அவளைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத தப்பு. "என்ன பண்ணுது?" என்று கேட்டார் அவர். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டியதுதானே? இவள் வலி வந்த வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். அந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையைச் சொன்னாள். அவர்கள் தேர்ந்தெடுத்த துணி வெயிலுக்குத் தாங்காது என்றாள். இத்தனை பேருக்கு நடுவில் வலி எங்கேயோ ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

மருத்துவர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். கோடுகள் ஒழுங்காக இருந்தன. சிரித்துக்கொண்டே, "மூச்சு விடாம இவ்வளவு பேசுறீங்க, உங்களுக்கா மூச்சு வாங்குது?" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள். ரேடியோக்காவும் சேர்ந்து சிரித்துவைத்தாள். வெளியே வந்ததும் முகமெல்லாம் எரிந்தது. அவளை எத்தனையோ பேர் கேலி செய்திருக்கிறார்கள், எதுவும் ஒட்டியதில்லை. இது ஒட்டிக்கொண்டது.

அடுத்து ஒரு பெரிய மருத்துவமனை. இந்தத் தடவை வாயைக் கட்டிக்கொண்டு போனாள். எங்கே வலி என்றார்கள், நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். எப்போது என்றார்கள், "அப்பப்ப" என்றாள். அவ்வளவுதான். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்து ரத்தக் குழாய்களைப் படம் பிடித்தார்கள். "குழாயெல்லாம் பளிச்சுனு இருக்கு. ஒரு அடைப்பும் இல்ல. டென்ஷன், வயசு, அவ்வளவுதான். நல்லா தூங்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாத்தனார் இனிப்போடு வந்தாள். ரேடியோக்கா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நல்ல சேதிக்கு அழுகிறவளை யார்தான் புரிந்துகொள்வார்கள்? வலி அப்படியே இருந்தது. வலிக்கிறது என்று சொல்லும் உரிமைதான் போய்விட்டது. நாளாக ஆக, நாமே இட்டுக்கட்டுகிறோமோ, புத்தி பிசகிவிட்டதோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. வலியைவிட அது பெரிய பயமாக இருந்தது.

அதன் பிறகு பேச்சு குறைந்தது. ஏணியில் ஏறுவதை விட்டுவிட்டாள். கணவரே ஏறி மாட்டினார். மனுஷன் துளை போடுவதில் கெட்டிக்காரர். மடிப்பு மட்டும் பல் போன வாய் மாதிரி இருக்கும். முன்பென்றால் அதைப் பற்றி ஒரு வாரம் பேசியிருப்பாள். இப்போது பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். வாடிக்கையாளர்கள், "அக்காவுக்கு நம்ம மேல ஏதாவது கோபமா?" என்று அவரிடம் விசாரித்தார்கள்.

ஒரு நாள் காலை அவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "கிளம்பு."

"எங்கங்க?"

"வேற டாக்டர்."

அவர் அளவுக்கு அது பெரிய பேச்சு. வேலைக்குப் போன வீடுகளில் எல்லாம் நல்ல இதய மருத்துவர் யார் என்று கேட்டிருக்கிறாராம். தண்ணீர் வேண்டுமென்றால்கூட வாய்விட்டுக் கேட்காதவர், இதைக் கேட்டிருக்கிறார்!

அந்த மருத்துவர் இவளைவிட வயதில் சின்னவள். பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா" என்றாள்.

"எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க டாக்டர். என் மனசுலதான் ஏதோ கோளாறு. உங்க நேரத்தையும் கெடுக்குறேன்." எழுந்திருக்கப் பார்த்தாள்.

"அப்படி இல்ல டாக்டர்" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. அது தன் கணவரின் குரல் என்று தெரிய அவளுக்கு ஒரு நொடி பிடித்தது.

"இவ துணிக் கடையிலேர்ந்து வீடு வரைக்கும் பேசிக்கிட்டே வருவா. நடுவுல மேடு இருக்கு. போன மழைக்காலத்துக்கு முன்னாடி, மேட்டு உச்சியில தபால் பெட்டிகிட்ட முதல் தடவை பேச்சு நின்னுச்சு. பூனை கதை சொல்லிட்டிருந்தா. அது கம்பியிலேர்ந்து குதிக்கப் போற இடத்துல நிறுத்திட்டு, தெருவ வேடிக்கை பாக்குற மாதிரி நின்னா. அப்புறம் பாதி மேட்டுலயே, பேக்கரிகிட்ட நிக்க ஆரம்பிச்சா. குளிர் காத்து அடிச்சா அங்க வரைக்கும்கூட வர முடியல. கையத் தூக்கினா வருது. கோபப்பட்டாலும் வருது. உக்காந்தா போயிடுது. அதனால உங்க நாற்காலியில உக்காந்துகிட்டு நல்லாத்தான் பேசுவா. முன்னாடி ஒரு டாக்டர் சிரிச்சுட்டாரு, அதுலேர்ந்து சொல்லப் பயப்படுறா. பாதியில நிறுத்தின கதையெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. வேணும்னா எந்தெந்த இடம்னு சொல்றேன்."

ரேடியோக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருஷமாகச் சுவரிடம் பேசிக்கொண்டிருந்ததாக நினைத்தவள்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தாள். "அந்தப் படத்துல பெரிய குழாய்தான் தெரியும்மா. அதுலேர்ந்து பிரியற சின்னச் சின்னக் குழாய் தெரியாது. மேடு ஏறும்போது அதெல்லாம் விரிஞ்சு கொடுக்கணும். உங்களுக்கு சரியா விரியலைன்னு நினைக்கிறேன். பெண்களுக்கு இது நிறைய வருது, நாங்கதான் நிறைய தவறவிடுறோம். அதுக்குன்னு தனியா பரிசோதனை இருக்கு, பாத்துடலாம். வலி நிஜம்மா. நீங்க இட்டுக்கட்டல."

கடைசி வாக்கியத்தைத் தவிர வேறு எதுவும் அவள் காதில் ஏறவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட வேண்டியிருக்கவில்லை.

பிறகு பரிசோதனை செய்தார்கள்; மருத்துவர் சொன்னதே சரியாக இருந்தது. மாத்திரையில் வலி பாதிக்கு மேல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. முடியாத நாட்களில் இன்றைக்கும் அவர்தான் ஏணியில் ஏறுகிறார். அந்த மடிப்புக்கு மருந்து இல்லை. "நான்தான் அப்பவே சொன்னேனே, சின்னக் குழாய்ல வாயு" என்று நாத்தனார் தன் கட்சியை விட்டுக்கொடுக்காமல் இருக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு, மருத்துவரிடமிருந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவள் கேட்டாள். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா? அப்புறம் ஏங்க ஒரு நாள்கூட ஒரு வார்த்தை பதிலுக்குப் பேசல?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குறுக்கப் பேசினா நீ நிறுத்திடுவியேன்னுதான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றாள். அவர் பதறிப்போய்த் திரும்பினார். "என்ன ஆச்சு? வலிக்குதா?"

"இல்லைங்க. இன்னிக்கு நீங்க பேசுங்க. நான் கேக்குறேன்."

பாவம், மனுஷன் மாட்டிக்கொண்டார். நெற்றியைத் தேய்த்தார், தொண்டையைக் கனைத்தார், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு வழியாக ஆரம்பித்தார்.

"அந்த டாக்டர் ரூம்ல திரைச்சீலை... இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு."

அவள் உள்ளே நுழைந்த உடனேயே அதைப் பார்த்துவிட்டிருந்தாள். எந்தக் கொக்கி கழன்றிருக்கிறது என்பதுகூடத் தெரியும். சொல்ல வாய் துறுதுறுத்தது. "அப்படியாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.