இறக்கையில் இருந்தது ஈரமா, ஐஸா?

அன்று அந்த விமானத்தின் இறக்கையில் இருந்தது வெறும் ஈரமா, ஐஸா? ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் எனக்குப் பதில் தெரியாது.

போன தை மாதம், ஒரு சனிக்கிழமை காலை. நாங்கள் இருப்பது பாரிஸில், லா சப்பலில். லண்டனில் என் கணவரின் தங்கை மகளுக்குச் சாமத்திய வீடு, பூப்புநீராட்டு விழா. தண்ணீர் வார்க்க வேண்டிய தாய்மாமன் இவர்தான். உணவகத்தில் வேலை என்பதால் முதல் நாள் லீவு கிடைக்கவில்லை. அன்றே பறந்து, மதியம் நல்ல நேரம் முடிவதற்குள் மண்டபத்தில் நிற்க வேண்டும். இவர், இவருடைய அம்மாவான மாமி, நான், ஒன்றரை வயது மகள்.

ரயிலுக்கு நடக்கும்போது, பூட்டியிருந்த ஒரு நகைக்கடை முன்னால் எனக்குக் கால் வழுக்கியது. கையில் பிள்ளை. இவர் தோளைப் பிடித்திராவிட்டால் இருவரும் விழுந்திருப்போம். குனிந்து பார்த்தேன். நடைபாதை ஈரமாகத்தான் தெரிந்தது. தொட்டால் கண்ணாடி மாதிரி ஐஸ்.

“இந்தக் குளிருக்குள்ளை பிளேன் ஏறுமோ?” என்று கேட்டுவிட்டேன்.

மாமி அப்படியே நின்றுவிட்டார். “வெளிக்கிடேக்கை வாயிலை நல்லது வரோணும், பிள்ளை.”

விமானத்தில் எனக்கு இறக்கைக்கு நேரான ஜன்னல். ஐஸ் பிடிக்காமலிருக்க இறக்கைகளுக்கு மருந்து அடித்தார்கள். அதன்பிறகு ஓடுபாதைக்கான வரிசையில் நெடுநேரம் நின்றோம். தூறல் விடவில்லை. முதலில் துளிகள் இறக்கையில் வழிந்து ஓடின. பிறகு ஓடவில்லை, விழுந்த இடத்திலேயே நின்றன. காலையில் நடைபாதையில் பார்த்த அதே மினுக்கம்.

“இஞ்சாருங்கோ, செட்டையைப் பாருங்கோ. தண்ணி ஓடேல்லை.”

“மருந்து அடிச்சவங்கள்தானே. பைலட்டுக்குப் படிப்பிக்கப் போறீரோ?” என்றார் இவர்.

அந்தப் பக்கத்திலிருந்து மாமி, “காலமை கேட்டது காணாதே? பேசாமல் முருகா எண்டு சொல்லிக்கொண்டு இரு” என்றார்.

பணிப்பெண் சீட் பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாம் சரிதானே என்று பிரெஞ்சில் கேட்டாள். “உய், மெர்சி”, ஓம், நன்றி என்று சிரித்தேன். அவள் போய்விட்டாள்.

விமானம் மெல்ல நகர்ந்தது. மகள் மடியில் தூங்கிவிட்டாள். அவளுடைய ஒரு காலுறை கழன்று என் கையில் இருந்தது, இன்னும் சூடாக. இன்னொரு தடவை இறக்கையைப் பார்த்தேன். துளிகள் அசையவே இல்லை. பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

“என்னடி செய்யிறாய்?” என்றார் மாமி.

பணிப்பெண் ஓடி வந்தாள். மன்னியுங்கள், நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம், ஆனால் இறக்கையில் தண்ணீர் ஓடவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் மேலாகக் குனிந்து பார்த்தாள். போய்த் தொலைபேசியை எடுத்தாள். விமானம் நின்றது.

விமானிகளில் ஒருவர் டார்ச்சோடு வந்து என் ஜன்னலால் பார்த்தார். “மெர்சி, மதாம்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. முன்னெச்சரிக்கையாகத் திரும்பிப் போய் மறுபடி மருந்து அடிக்கிறோம் என்று அறிவித்தார்கள். பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது நல்ல நேரம் முடிந்து, வேறொருவர் தண்ணீர் வார்த்திருந்தார். இவருடைய தங்கை, என் மச்சாள், இவரைக் கட்டிப்பிடித்து அழுதார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. “எல்லாம் இவளின்ரை வாய்” என்று மாமி யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. மச்சாள் இன்றுவரை என் போனை எடுப்பதில்லை.

ஐஸ்தான் என்று அந்த விமானி ஒரு சொல் சொல்லியிருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பேன். வெறும் ஈரம் என்றிருந்தால் அன்றே மச்சாளின் காலில் விழுந்திருப்பேன். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்கிறேன். ஆனால் நித்திரையில் என்னை எழுப்புவது பொத்தானை அழுத்தியது அல்ல, அதற்கு முன் சிரித்த சிரிப்புத்தான். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, அபசகுனத்துக்குப் பயந்து, எல்லாம் சரி என்று சொன்னேனே!

“ஒருக்கா மன்னிப்புக் கேளுமன், பிரச்சினை முடியும்” என்கிறார் இவர். கேட்கலாம். அந்த நேரம் தவறியதில் எனக்கும் உண்மையான வருத்தம்தான். ஆனால் கேட்டுவிட்டால், இன்னொரு நாள் அப்படி ஒன்றைக் கண்டால் என் கை அந்தப் பொத்தான்வரை எழும்புமா என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்? உங்களில் யாராவது எழுதுங்கள்.