சிலமலையில் ஒரு தாய்மாமனை மைக்கில் கூப்பிட்டோம்

வெயிலில் நின்ற ஆம்னி வேனின் கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடிப்பது சூடேறிய ரெக்சின் வாசனை. முந்தின நாள் போன ஊரில் யாராவது மாம்பழம் கொடுத்து விட்டிருந்தால் அந்த வாசனையும் சேர்ந்துகொள்ளும்...

போடியில் சமுதாய வானொலியில் வேலை பார்த்த மே மாதங்களை நினைத்தால் எனக்கு அந்த வேன்தான் முதலில் ஞாபகம் வரும்.

காலேஜ் முடித்து நான் சேர்ந்த முதல் வேலை அது. சின்ன ஸ்டேஷன். போடி, சுற்றியுள்ள கிராமங்கள், எதிரே தெரிகிற மலைச் சரிவு... அவ்வளவுதான் எங்கள் எல்லை. கோடை வந்துவிட்டால் கோயில் பொங்கல், கபடி, உறியடி என்று எங்கே கூட்டமோ அங்கே நாங்கள் இருப்போம். வேன் ஓட்டுவதும் ஒயர் இழுப்பதும் கண்ணன் அண்ணன். மைக் என் கையில். ஸ்டுடியோவில் இருந்துகொண்டு எங்கள் போன் லைனை ஒலிபரப்பில் சேர்ப்பது நிலையப் பொறுப்பாளர் ஜெயா அக்கா.

அந்த வருஷம் சிலமலை கிராமத்தில் அம்மன் கோயில் பொங்கல். சாயங்காலம் நேரலை. ஒவ்வொருவராக வந்து பெயரைச் சொல்லி, சொந்தக்காரர்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் மட்டும் ரொம்ப நேரமாக ஓரமாகவே நின்றாள். கூட்டம் குறைந்ததும் கிட்டே வந்தாள்.

"ஏத்தா, இதுல பேசுனா மலை மேல கேக்குமா?"

"கேக்கும்க்கா. யாருக்குப் பேசணும்?"

"எங்க அண்ணனுக்கு."

அவள் பெயர் பாண்டியம்மா. அண்ணன் தங்கராசு, மலை மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் வேலையில் இருந்தார். மறுநாள் காலையில் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆனால் ஒரு கல்யாண வீட்டில் பாண்டியம்மாவின் வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் ஏதோ சொல்லிவிட, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர் தங்கராசு. அதற்குப் பிறகு தங்கச்சி வாசலை மிதிக்கவே இல்லை. ஆள் விட்டுச் சொல்லியும் பதில் வரவில்லை.

தோட்டத்தில் டவரும் கிடையாது. ஆனால் பட்டன் போனில் இயர்போன் ஒயரைச் செருகினால் எங்கள் எஃப்.எம். கேட்கும். அதை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

குடும்பச் சண்டை எதையும் ஒலிபரப்பில் ஏற்றக் கூடாது என்பதில் ஜெயா அக்கா ரொம்பக் கண்டிப்பு. போனில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"சண்டைய இழுக்க வேணாம்னு சொல்லு. அண்ணன கூப்புட மட்டும் சொல்லு. ஒரு பாட்டு போடுறேன்... அது முடியவும் மைக்க அவ கையில குடு."

கொடுத்தேன்.

"அண்ணே... நான் பாண்டி பேசுறேன். நாளைக்குப் பாப்பாவுக்குக் காது குத்துறோம். நீ வந்து உக்காரணும்ணே. உன் மடி இல்லாம நான் குத்த விட மாட்டேன்."

மைக்கை என் கையில் திணித்துவிட்டுக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் வேகமாக வந்தார். அவள் வீட்டுக்காரர் முருகேசன். மைக்கைப் பிடுங்கி எறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கண்ணன் அண்ணனும் எழுந்துவிட்டார்.

"குடுங்க தாயி," என்று மெதுவாகக் கேட்டு வாங்கினார்.

"மச்சான்... முருகேசன் பேசுறேன். அன்னைக்கு நான் பேசுனது தப்புத்தான். எல்லாரு முன்னாடியும் பேசுனேன். அதான் எல்லாரு முன்னாடியும் சொல்றேன். வாங்க மச்சான்."

கண்ணன் அண்ணன் என் காதருகே குனிந்து, "வெரசா அடுத்த ஆளக் கூப்புடும்மா, இல்லாட்டி நான் அழுதுருவேன்," என்றார்.

மறுநாள் எங்களுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் போனோம். வெளி நிகழ்ச்சிக்கு ஒருநாளும் வராத ஜெயா அக்கா, ரெக்கார்டு செய்த நிகழ்ச்சியை ஓடவிட்டுவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

காது குத்தும் ஆசாரி தயாராக இருந்தார். "நல்ல நேரம் முடியப் போகுதுத்தா. பெரியப்பன் மகன் மடியில வச்சுக் குத்திருவோம், அவனும் அண்ணந்தான?" என்று சொந்தக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். பாண்டியம்மா குழந்தையை இறக்கவே இல்லை.

"இன்னொரு பஸ்சு வரட்டும்."

வந்தது. அந்த வெயிலில் ஸ்வெட்டரோடு ஒருவர் இறங்கினார். மலைக் குளிருக்குப் போட்டதைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறார். பின்னாலேயே தோட்டத்து ஆட்கள் ரெண்டு பேர்.

"நான் பேசுனத கேட்டியாண்ணே?"

"நான் எங்க கேட்டேன்? மோட்டார் சத்தத்துல என்ன கேக்கும்? தோட்டத்துல இருந்த அத்தன பேரும் ஓடியாந்து சொல்றாய்ங்க. தண்ணிய நாங்க பாத்துக்கிறோம், நீ கெளம்புன்னு வெரட்டி விட்டாய்ங்க. இவிய்ங்க ரெண்டு பேரும் நான் வேற பக்கம் போயிருவேன்னு கூடவே வந்துட்டாய்ங்க."

முருகேசன் போய் அவர் பையை வாங்கிக்கொண்டார். ஆசாரி காது குத்தவும் மடியில் குழந்தை வீறிட்டது... அதைவிட அதிகமாக அழுதது தாய்மாமன்தான்.

சாப்பிடாமல் எங்களை விடவில்லை. திரும்பும்போது வேனில் ஜெயா அக்கா, "இனிமே யாராச்சும் இப்படிக் கேட்டா என்னைக் கேக்காத. குடுத்துரு," என்றார்.

இப்போது சென்னையில், ஏசி அறையில், பாட்காஸ்ட் எடிட் செய்கிற வேலை. எத்தனை பேர் கேட்டார்கள், எந்த இடத்தில் விட்டுப் போனார்கள் என்று ஸ்கிரீனே காட்டிவிடும். நல்ல வேலை, குறையொன்றும் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறதென்றால், அதைக் கொடுத்தது அந்த ஸ்டேஷனும் சிலமலைக்காரர்களும்தான். அவர்களை நினைக்காத கோடை எனக்கு இல்லை.

மலையில் யாராவது கேட்கிறார்களா என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரியாமலேதான் பேசினோம்...

கேட்டவர்கள் பஸ் ஏறி வந்தார்கள்.